சித்தப்பாவுக்கு, வாய்தாவுக்கு முன்னால்

சித்தப்பா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. சித்தி எடுத்தால் அழுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியத்தை போட்ட மெசேஜுக்கு அப்புறம் அங்கே ஒரு வார்த்தை எழுதவும் எனக்கு மனமில்லை. நான் எழுதுவதையெல்லாம் நீங்கள் விடாமல் படிப்பதாகத் தம்பி சொன்னான், அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கக் கூடாதவர்களும் படிக்கலாம். அதனால் ஊர் பெயர், கொலை செய்யப்பட்ட அந்தப் பையன் பெயர், நம் ஜெராக்ஸ் கடை ஷட்டருக்கு வெளியே நான் பார்த்தது எதையும் எழுதப் போவதில்லை. அதைக் கோர்ட்டில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கு உள்ளே நடந்தது நம் இரண்டு பேருக்கும் உரியது.

அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்துவிட்டேன். விசாரணை எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தேவை என்று பட்டால் யாரை வேண்டுமானாலும் சாட்சியாக அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. என்னை அழைக்கச் சொல்லி மனுப் போடுகிறார்கள். அந்த இரண்டு சாட்சிகளும் முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நீங்கள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்னால் போக முடியாது.

அன்றைக்குக் கடைக்குள் நீங்கள் லைட்டை அணைத்தீர்கள். ஜெராக்ஸ் மெஷினை அணைக்கத் தோன்றவில்லை, யாரோ கொடுத்துவிட்டுப் போன காலேஜ் நோட்ஸை அது பாட்டுக்குத் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் 100 அழுத்தியிருந்தேன். ரிங் போக ஆரம்பித்துவிட்டது. போனை என் கையிலிருந்து பிடுங்கி அணைத்துவிட்டு, என் தலையை இழுத்து உங்கள் நெஞ்சோடு வைத்து, இரண்டு காதையும் அழுத்தப் பொத்தினீர்கள். டோனர் வாடையும் வியர்வையும். எனக்கு உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும்தான் கேட்டது. இரண்டு கையும் என் காதில் இருந்ததால் உங்கள் காதைப் பொத்த உங்களுக்குக் கை இல்லை. நான் கேட்க வேண்டியதையும் சேர்த்து நீங்கள் கேட்டீர்கள். அதற்கப்புறம் எத்தனை ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், சித்திக்குக்கூட அவ்வளவு தெரியாது.

ஆனால் போனை ஏன் பிடுங்கினீர்கள்?

கதவைத் திறக்காததை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சட்டமும் கேட்காது, அதை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டேன். கண்ணெதிரே ஒருவனை வெட்டினால் குறுக்கே போய் விழு என்று நம் நாட்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விரும்பினால் தடுக்கலாம், இன்னொருவர் உயிரைக் காக்கவும் தற்காப்பு உரிமை உண்டு என்று சொல்வதோடு சரி. அது உரிமை, கடமை ஆக்கவில்லை. பிரான்சில் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். தடுக்க முடிந்தும் தடுக்காமல் நின்றால் ஐந்து வருடம் வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். அங்கேயும் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தில்லாமல் செய்ய முடிந்தால்தான் அது குற்றம். அரிவாளோடு நிற்பவர்கள் முன்னால் வெறுங்கையோடு போகவில்லை என்று அந்த நாட்டில்கூட உங்களைக் கூண்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். உதவிக்கு ஆளைக்கூடக் கூப்பிடவில்லையா என்று மட்டும் கேட்டிருப்பார்கள்.

கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது.

நம் சட்டம் கேட்பது அதற்கு அடுத்ததை. அப்போது இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்கு அப்புறம் புதுச் சட்டத்தில் 33-வது பிரிவு. கொலை, கொள்ளை மாதிரி சில குற்றங்களைப் பட்டியல் போட்டு, அது நடந்தது தெரிந்தால், நடக்கப்போகிறது என்று தெரிந்தாலும், எந்தக் குடிமகனாக இருந்தாலும் உடனே போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. (பெரியவர்கள் மேல் நடக்கும் பாலியல் வன்கொடுமை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டம் எல்லோரையும் சொல்லச் சொல்கிறது, பெரிய பெண் என்றால் பார்த்தவர் பேசாமல் போகலாம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.) நியாயமான காரணம் இருந்தால் சொல்லாமல் இருக்கலாம் என்றும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு பார்த்தவர் தலையில்.

உங்கள் நியாயமான காரணம் நான்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. காலேஜ் பெண், அப்பா இல்லாதவள், நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டியவள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றால் என்ன பேசுவார்கள். “கடையைச் சாத்திட்டு சாப்பிடப் போயிருந்தோம் சார்” என்று நீங்கள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், என் மணிக்கட்டை நீங்கள் பிடித்திருந்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. எனக்காகச் சொன்னீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காகச் சொன்னீர்கள். அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும் “உனக்காகத்தானே” என்ற பேச்சு வந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் நான் அந்தக் காரணமாக இருக்க மாட்டேன் சித்தப்பா. எனக்குச் சம்பளம் வருகிறது, வேறு ஊரில் இருக்கிறேன், கல்யாணம் தள்ளிப் போனால் போகட்டும்.

2016 ஜூன் 24. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், விடிந்து வேலைக்குப் போகிற நேரத்தில், பிளாட்பாரத்தில் அந்தப் பெண்ணை வெட்டிப் போட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு டிவியைப் பார்த்துக் கத்தினீர்கள். “அத்தனை பேர் நின்னானுங்களே, ஒருத்தன் ஒரு கல்லை எடுத்து எறியலையா, ஒருத்தன் ஓடிப்போய் தண்ணி குடுக்கலையா.” அன்று உங்கள் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. நான் யாரை நினைத்து அரசு வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன் என்று கேட்டால், அன்று கத்தின அந்த மனிதரைத்தான்.

கேமரா இருக்கிறதே, அது சொல்லட்டும், நாம் எதற்கு என்று தம்பியிடம் சொன்னீர்களாம். நம் வழக்கில் கேமரா உண்டா இல்லையா என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் உடுமலைப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். அதே 2016, மார்ச் மாதம், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக ஒரு ஜோடியை நடுத்தெருவில் வெட்டினார்கள், நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. அவ்வளவு தெளிவான படம் இருந்தும், தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்த அந்தப் பெண் கூண்டில் ஏறி நின்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற அப்பாவுக்கு எதிராகச் சொன்னார். நான் யாருக்கு எதிராகச் சொல்லப் போகிறேன்? முகம் மட்டும் தெரிந்த ஆட்களுக்கு எதிராக.

உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த லாரி விபத்தில் அடிபட்டவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதற்கு உங்களை எப்படி அலைய விட்டார்கள், வாய்தா வாய்தா என்று கடையைப் பூட்டிவிட்டு எத்தனை முறை போய்க் காத்திருந்து திரும்பினீர்கள் என்று பார்த்தவள்தானே நான். இன்றைக்கு விபத்தில் உதவுகிறவரைப் பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அவருக்குப் பாதுகாப்பைச் சேர்த்து, 2020-ல் விதிகளில் இதையும் எழுதிவிட்டார்கள். கொலையைப் பார்த்தவருக்கு அந்தச் சலுகை இல்லை, அவர் பெயரும் முகமும் வேண்டும். அதனால்தான் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும், மிரட்டல் எவ்வளவு என்று போலீஸ் அறிக்கை கொடுத்த பிறகு வீட்டுக்கு ரோந்து, கேமரா, தனி அறையில் விசாரணை என்று உத்தரவு போடலாம். அங்கேயும் மனுக் கொடுத்திருக்கிறேன், கடை முகவரியையும் சேர்த்து. காகிதத்தில் இருப்பதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்குமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

அந்தப் பையனுடைய அம்மா கடைக்கு வந்ததை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், மூன்று செட். நீங்களே வாங்கி ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தீர்கள், பின் அடித்துக் கொடுத்தீர்கள், காசு வாங்கவில்லை. “நல்லாயிருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரில் டீக்கடையில்கூட விசாரித்துவிட்டு வந்தாராம், யாராவது பார்த்திருக்கிறார்களா என்று. நம்மிடம் கேட்கவில்லை. கடை சாத்தியிருந்தது என்று போலீஸ் அவரிடம் சொல்லியிருக்கும். அந்த நேரத்தில் உங்களை நான் வெறுத்தேன். சாயங்காலம் வழக்கம்போல எனக்குப் பருத்திப்பால் வாங்கி வந்தீர்கள், நான் குடித்தேன்.

என் சாட்சியில் உங்கள் பெயர் வரும், தவிர்க்க முடியாது. நீங்கள் போலீஸிடம் சொன்னது பிரமாணம் செய்து சொன்னது இல்லை, அதில் உங்கள் கையெழுத்தும் கிடையாது. அதை மாற்றிச் சொல்ல உங்களுக்கும் இடம் இருக்கிறது என்றுதான் வக்கீல் சொல்கிறார். வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. கோர்ட்டில் உங்களைப் பற்றிக் கேட்டால், என்னை இழுத்துக்கொண்டு பின்னால் போனார் என்பேன், போனைப் பிடுங்கினார் என்பதையும் சொல்வேன். எதையும் மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஒன்றை மட்டும் எப்படி விடுவது?

மனு மீதான உத்தரவு அடுத்த வாய்தாவில் வரும் போலிருக்கிறது. அன்றைக்குத் தம்பியைக் கடையில் தனியாக உட்கார வைக்காதீர்கள். சம்மன் உங்கள் பெயருக்கும் வந்தால் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரியத்தை சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம்.