'ஆவணம் தென்படவில்லை' என்ற பதிலைத் திரும்பப் பெறுங்கள்: ஜப்பான் வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஈப்போ, பேராக், மலேசியா

பெறுநர்: மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் அவர்கள், ஜப்பான் அரசு (வழி: ஜப்பான் தூதரகம், கோலாலம்பூர்)

பொருள்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் தன் ஆட்களின் பாலியல் இச்சைக்காக விடுதிகளில் அடைத்து வைத்த பெண்களைப் பற்றி அமைச்சரவை 2007-ல் கொடுத்த பதிலைத் திரும்பப் பெறக் கோருவது.

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். 2007 மார்ச் 16 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுத்தில் கேட்ட கேள்விக்கு உங்கள் அமைச்சரவை ஒரு பதிலை அங்கீகரித்தது. 1993 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இந்தப் பெண்களைப் பற்றிய விசாரணை முடிவை வெளியிடும் வரை அரசு கண்டெடுத்த ஆவணங்களில், ராணுவமோ அதிகாரிகளோ பெண்களைப் பலவந்தமாகக் கொண்டுபோனதை நேரடியாகக் காட்டும் குறிப்பு எதுவும் தென்படவில்லை என்பது அந்தப் பதில். அதற்குப் பிறகு எத்தனையோ பிரதமர்கள் வந்து போய்விட்டார்கள், பதில் மட்டும் நகரவில்லை, யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டுகிறார்கள். அதை அமைச்சரவை திரும்பப் பெற வேண்டும், அதற்கு நீங்கள் முன்கை எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மனு.

ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று தூதரகத்தில் இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர் நினைக்கலாம். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். எங்கள் வீட்டில் காலத்தையே 'ஜப்பான்காரனுக்கு முன்னே', 'ஜப்பான்காரனுக்கு அப்புறம்' என்றுதான் கணக்கு வைப்பார்கள். தாத்தாவின் தம்பி சயாமில் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது 14 வயது. லாரிச் சத்தம் கேட்டால் போதும், அடுப்புக் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் பால்மரங்களுக்குள் ஓடிவிடுவார்களாம். இடுப்பு வரை இருந்த பாட்டியின் முடியை அவருடைய அம்மாவே கத்தியால் அறுத்துவிட்டார். பிறகு, கல்யாணமானவளைத் தொடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அவசர அவசரமாக ஒரு மஞ்சள் கயிறு, கல்யாணச் சாப்பாடு அவித்த மரவள்ளிக்கிழங்கு. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் என் வீட்டுக் கணக்கு எதையும் தீர்க்க நான் எழுதவில்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்கும் அறுத்த முடிக்கும் எந்த அலுவலகத்திலும் காகிதம் கிடையாது. 'ஆவணம் தென்படவில்லை' என்று உங்கள் அரசு சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்த முடிதான்.

சரி, காகிதமே பேசட்டும் என்கிறீர்கள். காகிதம் இருக்கும் ஒரு ஊரையே எடுத்துக்கொள்வோம், ஜாவாவில் உள்ள செமாராங்.

1942-ல் உங்கள் படை ஜாவாவைப் பிடித்ததும் அங்கிருந்த டச்சுக் குடும்பங்களை முகாம்களில் அடைத்தது. அம்பாராவா முகாமில் தாயோடும் இரண்டு தங்கைகளோடும் இருந்தவர் ஜேன் ரஃப் ஓஹெர்ன், பாண்டுங்கில் பிறந்தவர், வயது 21. 1944 பிப்ரவரியில் ராணுவ லாரி வந்தது. 17 வயதைத் தாண்டிய, கல்யாணமாகாத பெண்கள் எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள், அதிகாரிகள் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள், வரிசை குறைந்துகொண்டே வந்து கடைசியில் பத்துப் பேர் மிஞ்சினார்கள். தாய்மார்கள் அழ அழ லாரியில் ஏற்றினார்கள். ஜேனும் இன்னும் சிலரும் இறங்கிய இடம் செமாராங்கில் ஒரு பெரிய டச்சு வீடு. ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்து முன்வாசலில் மாட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜப்பானியப் பூவின் பெயரை வைத்தார்கள், வருகிறவன் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வசதியாக. யாரும் தன்னைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஜேன் தன் தலைமுடியை வெட்டி எறிந்தார். அது கூடுதல் வேடிக்கையாகிவிட்டது, அவரைப் பார்ப்பதற்கென்றே ஆள் வர ஆரம்பித்தது. என் பாட்டியின் முடி அவரைக் காப்பாற்றியது, ஜேனின் முடி காப்பாற்றவில்லை, இருவருக்கும் இடையில் கொஞ்சம் கடல்தான் இருந்தது.

அந்த வீட்டில் இருந்த பெண்களின் பெயர்களை ஜேன் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் எழுதி வாங்கி, பிறகு அந்தக் கையெழுத்துகளின் மேலேயே வண்ண நூலால் தைத்து வைத்துக்கொண்டார். சுமார் ஐம்பது வருடம் அதை யாரிடமும் விளக்கவில்லை. 1992-ல்தான் வாய் திறந்தார், அந்த ஆண்டு டிசம்பரில் உங்கள் தலைநகரத்துக்கே வந்து சாட்சி சொன்னார். 2019-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இறந்தார்.

கைக்குட்டை ஆவணம் ஆகாது என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். போகட்டும், தீர்ப்பு ஆகுமா? போர் முடிந்த பிறகு பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு ராணுவ நீதிமன்றம் இந்த வழக்கை விசாரித்தது. நான்கு விடுதிகள், சுமார் 35 பெண்கள். ராணுவ அதிகாரிகளும் விடுதி நடத்திய சிவிலியன்களும் 1948-ல் தண்டிக்கப்பட்டார்கள், மேஜர் ஒருவருக்கு மரண தண்டனை. அதோடு 1951-ல் சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது. அதன் 11-ஆவது பிரிவு, தோக்கியோ விசாரணை மன்றத்தின் தீர்ப்புகளை மட்டுமல்ல, ஜப்பானுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்த மற்ற நேச நாட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் ஜப்பான் ஏற்கிறது என்கிறது. பத்தாவியாத் தீர்ப்பும் அதில் அடங்கும். ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட தீர்ப்பில் உள்ள விஷயம் எப்படி 'தென்படாமல்' போனது?

கண்ணில் படவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. பத்தாவியா வழக்கு ஆவணங்கள் அரசு சேகரித்தவற்றில் இருந்தன என்பதை 2013 ஜூனில் உங்கள் அரசே இன்னொரு நாடாளுமன்றக் கேள்விக்குப் பதிலாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, பழைய நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இங்கே பூசணிக்காயைத் தட்டில் எடுத்துக் காட்டிவிட்டு, பார்த்தீர்களா வெறும் சோறுதான் என்கிறீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஜாவாவில் இருந்த ராணுவத் தலைமையகம், விருப்பப்பட்டு வரும் பெண்கள்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. செமாராங் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஜப்பானிய மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள், படிக்கத் தெரியாத பெண்களிடம். அந்தத் தாள் ஒன்று நாளைக்கு எங்காவது கிடைத்தால் அதில் 'சம்மதம்' என்றுதான் இருக்கும்! காகிதத்தை மட்டும் நம்புவோம் என்பவர்களுக்கு எப்படிப்பட்ட காகிதம் மிஞ்சும் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம்போல் கழித்து தோக்கியோவிலிருந்து வந்த அதிகாரி ஒருவருக்கு விஷயம் தெரிந்து விடுதிகளை மூடினார்கள். மூடினார்களே தவிர, உங்கள் ராணுவம் அப்போது யாரையும் தண்டிக்கவில்லை. மூடியதை நியாயத்துக்கு அடையாளமாகச் சிலர் காட்டுகிறார்கள். எனக்கு அது, தலைமைக்குத் தெரியும் என்பதற்கான அடையாளமாகத்தான் படுகிறது.

அந்த வழக்கு பேசியதும் ஐரோப்பியப் பெண்களைப் பற்றித்தான். 1994-ல் டச்சு அரசு வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட விடுதிகளில் 200 முதல் 300 ஐரோப்பியப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் சுமார் 65 பேர் கட்டாயப்படுத்தப்பட்டது உறுதி என்கிறது. ஜாவா ஊர்ப் பெண்களின் நிலை வேறு. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த மார்தியெம் 13 வயதில், மேடையில் பாடும் வேலை என்று சொல்லிப் போர்னியோவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். அங்கே அவருக்கு மோமோயே என்று பெயர் மாற்றினார்கள். அவரை யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை. அப்படியானால் உங்கள் பதிலின்படி அவர் எந்தக் கணக்கில் வருவார்? 'இழுத்துப் போனார்களா' என்ற ஒரே கேள்வியில் முப்பது வருடத்தை ஓட்டிவிட்டீர்கள். போன பிறகு வெளியே வர முடிந்ததா என்று கேளுங்கள், பதிலுக்கு ஆவணக் காப்பகம் தேவைப்படாது.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கொரியாவின் ஜேஜு தீவில் பெண்களைப் பிடித்து வந்தேன் என்று யோஷிதா செய்ஜி என்ற ஜப்பானியர் சொன்னது பொய். அதை நம்பி வெளியிட்ட செய்திகளை ஜப்பானின் அசாஹி நாளிதழ் 2014 ஆகஸ்டில் திரும்பப் பெற்றது, பெற வேண்டியதுதான். ஆனால் உடனே அதே ஆண்டு அக்டோபரில், இந்தப் பெண்களைப் பற்றிய ஐ.நா.வின் 1996 அறிக்கையிலும் யோஷிதாவின் பேச்சை எடுத்தாண்ட பகுதியைத் திரும்பப் பெறுங்கள் என்று அறிக்கை எழுதியவரிடமே உங்கள் தூதர் போய் நின்றார். அவர் ராதிகா குமாரசாமி, கொழும்பில் பிறந்த இலங்கைத் தமிழர். யோஷிதா சொன்னது பல ஆதாரங்களில் ஒன்று மட்டுமே என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அவர் எழுதியது பாதிக்கப்பட்ட பெண்களை நேரில் பார்த்துப் பேசியும்தான். (எங்கள் ஊர் நூலகத்தில் இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஒருவன் பொய் சொன்னான் என்பதற்காக மற்ற எல்லோருடைய வாக்குமூலமும் பொய்யாகிவிடாது. வகுப்பில் ஒரு பையன் காப்பியடித்தால் மொத்த வகுப்பையும் பெயிலாக்குவோமா?

'இல்லை' என்று சொல்லி மாட்டிக்கொள்வதும் புதிதில்லை. 1990 ஜூனில் நாடாளுமன்றத்தில், இது தனியார் தரகர்கள் செய்தது என்றார் உங்கள் அதிகாரி. 1991 ஆகஸ்ட் 14 அன்று அப்படி அடைக்கப்பட்டவர்களில் ஒருவரான கொரியாவின் கிம் ஹாக் சுன் தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசினார். யோஷிமி யோஷியாகி என்ற வரலாற்றுப் பேராசிரியர் போய்த் தேடினார், உங்கள் பாதுகாப்புத் துறையின் நூலகத்திலேயே ராணுவ உத்தரவுகள் கிடைத்தன, 1992 ஜனவரியில் செய்தி வந்தது, சில நாட்களில் பிரதமர் மியாசாவா சியோலில் மன்னிப்புக் கேட்டார். தேடியபோது கிடைத்திருக்கிறது. அதுவும் 1945 ஆகஸ்டில் கட்டுக்கட்டாக எரித்தது போக மிஞ்சியதில்.

1993-ல் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் கோனோ யோஹெய் வெளியிட்ட அறிக்கையை நான் மதிக்கிறேன். பல பெண்கள் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டார்கள், சில நேரங்களில் அதிகாரிகளே நேரடியாக ஈடுபட்டார்கள் என்று அது சொல்கிறது. அந்த அறிக்கையை இன்றும் ஏற்கிறோம் என்கிறீர்கள், 2007 பதிலும் நிற்கிறது என்கிறீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது. உங்கள் அமைச்சகத்தின் ஆண்டு அறிக்கையான நீலப் புத்தகமோ, 'பாலியல் அடிமைகள்' என்ற சொல் உண்மைக்கு மாறானது, பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்தச் சொல் வேண்டாம் என்றால் முன்வாசலில் படம் மாட்டி வைத்த அந்த வீட்டை என்ன சொல்லி அழைப்பது? தமிழில் 'ஆறுதல் பெண்கள்' என்று எழுதுகிறார்கள், உங்கள் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. இழவு வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற சொல் எங்களுக்கு ஆறுதல். அதை இதற்கு எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

எனவே, முதலாவதாக அந்த 2007 பதிலைத் திரும்பப் பெறுங்கள், குறைந்தபட்சம் 'பத்தாவியா வழக்கு ஆவணங்கள் இதற்கு மாறாகக் காட்டுகின்றன' என்று ஒரு வரியாவது அமைச்சரவை சேர்க்கட்டும். அந்த ஆவணங்களை உங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில், பெண்களின் பெயர்களை மட்டும் மறைத்து, ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இந்தோனேசிய மொழியிலும் போடுங்கள். 1996 அறிக்கையைத் திருத்தச் சொன்ன கோரிக்கை இனி இல்லை என்று குமாரசாமி அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீலப் புத்தகத்தின் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பாடநூல் உங்கள் இலாகா இல்லை என்று தெரியும், இருந்தாலும் 2021 ஏப்ரலில் 'ராணுவத்தோடு சென்ற' என்ற அடைமொழி பொருத்தமில்லை, 'ஆறுதல் பெண்கள்' என்றால் போதும் என்று அமைச்சரவை முடிவெடுத்து, பதிப்பகங்களும் பள்ளிப் புத்தகங்களைத் திருத்திய விஷயத்தைக் கல்வி அமைச்சரிடம் எடுத்துப் பேசுங்கள். 31 வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் கேட்கிறேன். அடைமொழியை எடுத்துவிட்டால் ராணுவம் அந்த வாக்கியத்தை விட்டே வெளியே போய்விடுகிறது.

பதிலை ஆங்கிலத்திலோ மலாய் மொழியிலோ அனுப்பலாம். ஜப்பானிய மொழியில் அனுப்பினாலும் சிரமமில்லை, என் பேத்தி பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள், எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளுக்கும் 14 வயதுதான்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியை