பாதம் பார்த்த ஆண்டு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொண்டி முதல் சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒரு மாதம் தவிர மற்ற எல்லா மாதமும் கூடியது. விட்டுப்போனது நவம்பர். 20ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த மழையில் தீவுக்காரர்கள் வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 7 கொடிநாள் வசூல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டப்பட்டு ரசீது கோப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நனைந்துபோன ரசீதுப் புத்தகத்தைப் பற்றியும் அவரே சொல்வார். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் பாலத்தில் ரயில் இல்லாததால் பஸ்ஸிலேயே அல்லாடிய தீவு உறுப்பினர்களுக்கு, அறிக்கை ஆண்டு முடிந்த ஆறாம் நாள், 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறந்தது. இனி "வண்டி இல்லை" என்று கூட்டத்துக்கு வராமல் இருக்க முடியாது.

அடுத்தது இரங்கல். இந்த ஆண்டு நாம் இழந்தவர்களில் பெருங்குளம் சுபேதார் ஐயாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றக் குடும்பங்கள் மன்னிக்க வேண்டும். அவர் கதையிலிருந்துதான் இந்த ஆண்டின் மீதி வேலை எல்லாம் தொடங்கியது.

ஐயாவுக்கு வலது காலில் கால் ஆணி. பல வருடமாக ஷேவிங் பிளேடால் தானே சீவிக்கொள்வார். பதினைந்து வருடச் சர்க்கரையில் கால் மரத்துப்போனதால் சீவும்போது வலிக்காது. வலிக்கவில்லை என்பதை அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார். ஒருநாள் ஆழமாகப் போய்விட்டது. மஞ்சள் பற்றுப் போட்டு, சாக்ஸ் மாட்டிக்கொண்டு பேத்தி கல்யாணத்தில் நின்றார். நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாக்ஸில் ஈரம் தெரிந்தது. மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன், "ஐயா, கழற்றுங்க பார்ப்போம்" என்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் விரல் கறுத்தது. பாலிகிளினிக்கில் காட்டி, மதுரைக்கு எழுதி வாங்கி, அங்கே ஒரு மருத்துவமனையில் படுக்கைக்குக் காத்திருந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எட்டு மாதம்தான் இருந்தார்.

பணியில் இருந்தபோது நம் கால்களை அடுத்தவர்கள் பார்த்தார்கள். ரூட் மார்ச் முடிந்ததும் பூட்டையும் சாக்ஸையும் கழற்றி வரிசையாக உட்கார வேண்டும். பிளாட்டூன் கமாண்டர் ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார், கொப்புளம் இருக்கிறதா, விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று. காலைக் கெடுத்துக்கொண்டவனுக்குத் திட்டும் விழும். பென்ஷன் வந்த அன்றோடு அந்தப் பார்வை நின்றுவிட்டது. அதன்பிறகு தன் உள்ளங்காலைத் தானே பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? குனிந்தால் இடுப்புப் பிடிக்கிறது, வெளிச்சத்தில் பார்த்தாலும் கண் தெரிவதில்லை. முதலில் அது நினைவுக்கே வருவதில்லை.

இனி முகாமுக்கு வருகிறேன். படைத்தலைவர் கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14ஐத்தான் முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்த முறை அது பொங்கலன்றே வந்தது. பொங்கலன்று கூட்டம் போட்டால் தலைவரும் நானும் மட்டும்தான் உட்கார்ந்திருப்போம் என்பதால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினோம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒருவரை அன்றைக்கு அழைத்தோம். நம் மண்டபம் உறுப்பினர் ஒருவரின் மகள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசே நடத்தும் மருத்துவமனை ஒன்றில் பாத மருத்துவர், போடியாட்ரிஸ்ட் என்பார்கள். கல்லூரிப் படிப்புக்கு மேல் நான்கு வருடம், பிறகு மூன்று வருடம் மருத்துவமனைப் பயிற்சி, எல்லாம் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டுமே. "கால் பார்க்க இவ்வளவு படிப்பா?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். அங்கேயும் அப்படித்தான் கேட்டார்களாம். 2018இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் அந்த மருத்துவமனைகளில் சம்பள வரிசையில் மற்ற டாக்டர்களோடு சேர்த்தார்களாம்.

அந்தப் பெண் சொன்னதில் எனக்கு மறக்காதவை சில. 1950 கடைசியில் கொரியாவில் சோசின் ஏரிப் பக்கம் பனியில் கால் உறைந்துபோனவர்கள் தொண்ணூறு வயதிலும் மரத்த பாதத்தோடு மருத்துவமனைக்கு வருவார்களாம். அதைக் கேட்டு, சியாச்சின் பனிமலையில் பணியில் இருந்த நம் நாயக் ஒருவர் மெதுவாகத் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டதை நான் கவனித்தேன். வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2001இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டதாம். அந்தப் போருக்குப் போய்ச் சர்க்கரை வந்தவர்கள் அதைப் படைப்பணியால் வந்த நோயாகவே கணக்குக் காட்டி நிவாரணம் கேட்கலாம். அந்த மருத்துவமனைகளில் சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை பாதச் சோதனை, பூஜ்யம் முதல் மூன்று வரை ஆபத்து மதிப்பெண். ஏற்கெனவே புண் வந்தவர், விரல் எடுத்தவர் எல்லாம் மூன்று. அவர்களை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். "நான் வெட்டுவதைவிட வெட்டாமல் தடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், மாமா" என்றது அந்தப் பெண்.

இங்கே வைத்தியம் பார்க்கத் தனக்கு உரிமம் இல்லை, பார்த்துச் சொல்ல மட்டுமே செய்வேன் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நம்மூர் டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதினார்.

சோதனை ரொம்ப எளிது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். உச்சிப்புளி ஹவில்தார் அண்ணன் தாளம் போட்ட மாதிரி "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் அந்தப் பெண் இழையைத் தூக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. அப்போதும் அண்ணன் "இருக்கு" என்றார். மண்டபம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு வயிறு கலங்கியது. ஹவாய் செருப்பின் அடியில் கருவ முள் ஏறி, மேலே அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலம் இல்லாத வரப்பு ஏது? குதிகாலில் அதற்கு நேராக ஒரு பொத்தல். எத்தனை நாளாக மிதித்தாரோ, அவருக்கே தெரியாது. உணர்ச்சி போன காலுக்குச் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடந்து போய்விடுவார்களாம். ஆகவே காலில் மாட்டுமுன் செருப்பையும் ஷூவையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பாசறையில் பூட்டுக்குள் தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தோமே, அதே பழக்கம்தான்.

பெண்கள் ஆண்கள் முன்னால் கால் காட்டத் தயங்கியதால் அவர்களுக்கு அந்த டாக்டர் பெண் உள்ளறையில் பார்த்தது. பாசி எடுக்கப் போகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். இராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு உச்சிவெயிலில் சூடேறிய கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், சுட்டது தெரியவில்லை. கோயிலுக்குள் செருப்போடு போகச் சொல்ல முடியாது. வெயில் ஏறுமுன் போய் வாருங்கள் என்றுதான் சொல்ல முடியும். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற வாதத்தை இங்கே யாரும் மறுபடி எழுப்ப வேண்டாம். அன்றைக்கே அந்த டாக்டர் பெண் பதில் சொல்லிவிட்டது: ஏற்றும்.

அன்று அதிக நேரம் எடுத்துக்கொண்டது நம் தங்கச்சிமடம் உறுப்பினருக்குத்தான். 1988இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய், மிதிவெடியில் வலது பாதத்தை விட்டுவிட்டு வந்தவர். புனே செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்தி, இத்தனை வருடமாக யார் தயவும் இல்லாமல் நடக்கிறார். எல்லோரும் செயற்கைக் காலைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெண் இடது காலைக் கேட்டது. ஒரு கால் போனவருக்கு மிச்சக் கால்தான் கூடுதல் பாரத்தைச் சுமக்கிறது. கெடுவதானால் அடுத்து அதுதான் கெடும். பெருவிரலுக்குக் கீழே தடித்த காய்ப்பு, அதன் நடுவில் இரத்தம் கட்டிய கறுப்பு. காய்ப்புக்கு அடியில் புண் தொடங்கியிருந்தது. மறுநாளே நம்மூர் டாக்டர் காய்ப்பைச் சீவிப் பாரம் இறக்கும் அட்டை வைத்தார். ஏப்ரலில் புண் மூடியது.

அந்த இழை, பாரம் இறக்கும் மாவுக்கட்டு, மெத்தென்ற செருப்பு எல்லாம் அமெரிக்காவில் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "வேலூரிலிருந்து வந்ததுதான் பாதி" என்றது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் கால் நோயால் அழுகவில்லை, வலி தெரியாமல் மிதித்து மிதித்தே புண்ணாகிறது என்று காட்டினார். 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்க்காரருக்குச் சொன்னது சர்க்கரைக்காரருக்கும் பொருந்தியது. நம் பக்கத்துச் சரக்கைத்தான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்கிறார்கள்.

சங்கம் செய்தது இரண்டு. மதுரையில் ஒருவரிடம் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அளவெடுத்து வாங்கினோம்: ஆணி இல்லாதது, பின்வார் உள்ளது. உறுப்பினர் பாதி, சங்கம் பாதி. ஆண்டுவிழாவுக்கு வழக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குப் பதில் கைக்கண்ணாடி கொடுத்தோம். தரையில் வைத்து மேலே பாதத்தை நீட்டினால் உள்ளங்கால் தெரியும். "கிழவனுக்குக் கண்ணாடி எதற்கு" என்று முணுமுணுப்பு வந்தது. பாதிக் கண்ணாடி மருமகள்களிடம் போய்விட்டதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அடுத்த ஆண்டும் டப்பா கிடையாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன். நம்மில் பலர் நவம்பரில் உயிர்ச்சான்றுக்காக அலுவலகம் வருகிறோம். கைரேகை வைக்கும் அதே நாளில் பாதத்தையும் பார்த்து, பூஜ்யமா மூன்றா என்று உறுப்பினர் அட்டையில் எழுதிவிடலாம். இழை வைத்துப் பார்க்க நானும், பாம்பன் உறுப்பினரின் மகளான செவிலியரும் பழகிக்கொண்டோம். வெட்டவோ சீவவோ மாட்டோம். பார்ப்போம், டாக்டரிடம் அனுப்புவோம், போனீர்களா என்று போன் போட்டுக் கேட்போம். பிளேடு வைத்திருப்பவர்கள் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. முகாமன்று யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, இடது கால், நீல வார், அலுவலக அலமாரிக்குக் கீழே இருக்கிறது. இத்தனை மாதமாகியும் யாரும் கேட்டு வரவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். வரும்போது காலையும் காட்டிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்