கென்ய கிராமப் பள்ளிகளுக்கு உதவும் அயலகத் தமிழர்களுக்கு அரசு வழிகாட்ட வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மரியகானி வாழ் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக மனுதாரர்,
மரியகானி, கிலிஃபி கவுண்டி, கென்யா.
(சொந்த ஊர்: பண்ருட்டி, கடலூர் மாவட்டம்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
எழிலகம் இணைப்புக் கட்டடம், சேப்பாக்கம், சென்னை – 600 005.

பொருள்: ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் தமிழர்கள் அங்குள்ள கிராமப் பிள்ளைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் செய்யும் உதவியை உள்ளூர் மக்களோடு கூட்டாகச் செய்வதற்கு வழிகாட்டுதலும், பெண் பயிற்சியாளர் இருவருக்குத் தமிழ்நாட்டில் குறுகிய காலப் பயிற்சியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கென்யாவின் கடலோரக் கவுண்டியான (நம் மாவட்டம் போன்ற பகுதி, தனி அரசு உண்டு) கிலிஃபியில், மொம்பாசா–நைரோபி நெடுஞ்சாலையில் இருக்கிறது மரியகானி. இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சில தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இம்மனுவை எழுதுகிறேன். அரசிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைச் சரியாகச் செய்வதற்குத் தங்கள் துறையின் துணையைக் கேட்கிறோம்.

கிலிஃபியின் கரையோரம் தென்னையும் முந்திரியுமாக இருக்கும். பண்ருட்டிக்காரனான எனக்கு இங்கு வந்த முதல் வாரத்திலேயே ஊர் நினைவு வந்துவிட்டது. ஆனால் மரியகானியிலிருந்து பம்பா போகும் சாலையில் உள்ளே செல்லச் செல்ல நிலம் மாறிவிடுகிறது. முள்மரங்களும் வறண்ட ஓடைகளும்தான் கண்ணில் படும். 2020 இறுதியிலிருந்து 2022 வரை தொடர்ந்து ஐந்து பருவமழை பொய்த்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. கிலிஃபியின் உட்பகுதியும் அதில் அடக்கம். அந்தச் சாலையை ஒட்டிய ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிதான் இம்மனுவுக்குக் காரணம்.

அந்தப் பள்ளிக்கு நாங்கள் முதலில் கொண்டுபோனது கால்பந்துக் காலணிகள். இருபத்திரண்டு ஜோடி, நல்ல தரம், எங்கள் சேமிப்பில் வாங்கியவை. அங்குள்ள பெண் பிள்ளைகள் பந்தாடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது பார்த்திருந்தோம். வெறுங்கால், பெண்கள் உடுத்தும் லெசோ துணியின் கிழிசல்களைச் சுருட்டி ரயில் கற்றாழை நாரால் இறுகக் கட்டிய பந்து. முன்பெல்லாம் பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டித்தான் பந்து செய்வார்களாம். 2017 ஆகஸ்டில் கென்ய அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்த பிறகு துணிப்பந்துக்கு மாறியிருக்கிறார்கள். அந்தப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியான முடிச்சுகள். செய்தவள் ஆறாம் வகுப்புப் பெண். பிள்ளைகளுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். யாரையும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை காலணிகளை நன்றியோடு வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: “பயிற்சிக்கு நிற்கவே பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. மணி அடித்ததும் தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள்.” பிறகுதான் நான் கவனித்தேன். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தோடு ஐந்து லிட்டர் மஞ்சள் எண்ணெய்க் கேனில் தண்ணீரும் சுமந்து வருகிறது. அது பள்ளிக்கான தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் மதியத்துக்குச் சோளமும் பயறும் சேர்ந்த கித்தேரி வேகும். மாலையில் வீட்டுக்காக இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நடக்க வேண்டும். இதில் பந்தாட ஏது நேரம்? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்த ஆட்டம் வாரத்துக்கு ஒரே ஒருநாள் கிடைக்கும் ஆட்டம்.

அதே பள்ளியில், சில ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து வந்த ஒரு தொண்டு அமைப்பு கட்டிக் கொடுத்த கணினி அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மின் இணைப்பு நிலையாக இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. திறப்பு விழா நாளுக்குப் பிறகு அந்த அமைப்பிலிருந்து யாரும் வரவில்லை என்றார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் கொடுத்த காலணிகளும் அந்தப் பூட்டிய அறைக்குள்தான் முதல் ஐந்து மாதங்கள் இருந்தன.

பிறகு ஊரைக் கேட்டோம். சீஃப் எனப்படும் பகுதி நிர்வாக அதிகாரி பராசா கூட்டினார். பராசா என்பது நம் கிராமசபை போல ஊரார் அனைவரும் வந்து பேசும் கூட்டம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். இங்கே வேம்புக்கு முவாரொபைனி என்று பெயர், நாற்பது நோய் தீர்ப்பது என்று பொருள். ஒரு பாட்டி எழுந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்: “பேத்தி பந்தாடிவிட்டு வருகிறேன் என்கிறாள். சரி. தண்ணீரை யார் கொண்டுவருவது, நீங்களா?” கூட்டத்தில் யாரும் அவரை அடக்கவில்லை. அன்றைய விவாதம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. மழைநீர் பிடிக்கப் பத்தாயிரம் லிட்டர் தொட்டி, கூரைக்குத் தகர வாரி, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளோடு கதவு, அதன் பிறகு மைதானத்தைச் சமன்படுத்துவது என்று அவர்களே வரிசை போட்டார்கள். எங்கள் காலணி அந்த வரிசையில் கடைசி.

தொட்டிக்கும் வாரிக்கும் நாங்கள் பணம் போட்டோம். மேடை கட்டும் பவளக்கல்லையும் உழைப்பையும் ஊர் தந்தது. ஒருவர் நான்கு நான்கு கல்லாக சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கியதை நான் நேரில் பார்த்தேன். மீதித் தொகைக்கு ஹராம்பே, அதாவது ஊரார் கூடி நிதி திரட்டும் நிகழ்ச்சி, நடத்தினார்கள். ஒரு விதவைத் தாய் கோழி ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கோழியை ஒருவர் ஏலத்தில் எடுத்துப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தார், இன்னொருவர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை ஏலம் போய், கோழி கடைசியில் அந்தத் தாயிடமே திரும்பிச் சென்றது. கணக்கு முழுவதும் பெற்றோர் பிரதிநிதிகள் இருக்கும் பள்ளி மேலாண்மை வாரியத்தின் கையில். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து அதைப் பராசாவில் உரக்கப் படிக்கிறார்கள்.

இந்த ஹராம்பே கென்யாவுக்குப் புதிது இல்லை. 1963இல் விடுதலை பெற்றபோது ஜோமோ கென்யாட்டா நாட்டுக்கே அறைகூவலாக வைத்த சொல் அது, அரசு இலச்சினையிலும் இருக்கிறது. ஊரார் கூடிக் கட்டிய ஹராம்பே உயர்நிலைப் பள்ளிகள் 1970களில் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் அதிகமாக இருந்தன. காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தாங்கள் அறிவீர்கள். ஊரார் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்குக் கொடுத்த அந்தக் காட்சியை என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். முவாரொபைனி நிழலில் அந்தக் கோழி ஏலத்தைப் பார்த்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கென்யாவில் 2003 ஜனவரியில் தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட்டது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலவசக் கட்டாய அடிப்படைக் கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தர வேண்டும் என்று 2017இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனால் அதே அரசியலமைப்பின்படி மழலையர் கல்வியும் விளையாட்டு வசதிகளும் கவுண்டி அரசின் பொறுப்பு, தொடக்கப் பள்ளி தேசிய அரசின் பொறுப்பு. பள்ளிக்குள் இருக்கும் மைதானத்தைச் சீர்செய்ய எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதற்கே எங்கள் மேலாண்மை வாரியத் தலைவர் பல வாரங்கள் அலைந்தார். இந்த இடைவெளியில்தான் சிறிய உள்ளூர்க் கூட்டுகள் தேவைப்படுகின்றன.

விளையாட்டு எதற்கு, படிப்பு போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கலாம். இதே கிலிஃபியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்கும் ‘மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்’ என்ற அமைப்பு பெண்களின் கால்பந்தை வைத்தே அவர்களின் படிப்பையும் உடல்நலத்தையும் பேசுகிறது. உள்ளூர்ப் பெண்களே நடுவராகவும் பயிற்சியாளராகவும் வளர்கிறார்கள். நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், பகுதியைத் துப்புரவு செய்யும் அணிக்கும் லீக் புள்ளி கொடுத்து உலகின் கவனத்தைப் பெற்றது. எங்கள் பள்ளியிலும் ஒன்றைக் கண்ணால் கண்டேன். குழந்தை பிறந்த பிறகு படிப்பை விட்டுவிட்ட ஒரு மாணவியை மறுபடி பள்ளிக்கு அழைத்து வந்தவர், அவளோடு ஒரே அணியில் ஆடிய பயிற்சியாளர். அப்படிப்பட்ட பெண்கள் மீண்டும் சேரலாம் என்று கென்ய அரசின் விதி இருக்கிறது. அந்த விதி வீட்டுக்கதவைத் தட்டாது. தட்டியது அந்தப் பயிற்சியாளர், போடாபோடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளுக்குத் தன் கைக்காசைக் கொடுத்துப் போய்.

தொட்டி வந்த பிறகு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் அது காய்ந்துவிடுகிறது. மறுபடியும் மஞ்சள் கேன்கள்தான். ஆனால் மழை பெய்த மாதங்களில் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே வீட்டுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வாரியம் அனுமதித்திருக்கிறது. அதனால் மாலை நான்கு முதல் ஐந்து வரை மைதானத்தில் நிற்கிறார்கள். கேள்வி கேட்ட அந்தப் பாட்டியின் பேத்தி கோல்கீப்பராக ஆடுகிறாள்.

ஆணையர் அவர்களே, 2024 ஜனவரியில் அயலகத் தமிழர் தினத்தன்று தொடங்கப்பட்ட ‘எனது கிராமம்’ திட்டத்தின் வழியாக எங்களைப் போன்றோர் பிறந்த ஊருக்குச் செய்ய அரசு ஒரு பாதை போட்டுத் தந்திருக்கிறது. நாங்கள் உழைத்துப் பிழைக்கும் ஊருக்குச் செய்வதற்கும் அதுபோல ஒரு நெறி வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பள்ளிகளுக்குப் பொருள் கொடுக்கின்றன. மனம் நல்ல மனம். எங்களைப் போலவே கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். உதவும் முன் அப்பள்ளியின் மேலாண்மை வாரியத்தின் எழுத்துப்பூர்வத் தீர்மானத்தைப் பெற வேண்டும், ஊராரின் பங்கும் இருக்க வேண்டும், கணக்கு ஊரில் வாசிக்கப்பட வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும், பிள்ளைகளின் புகைப்படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. இவற்றை ஒரு சுற்றறிக்கையாகத் துறை வெளியிட்டால் பதிவு பெற்ற சங்கங்கள் அனைத்தும் பின்பற்றும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் சுற்றறிக்கைதான். அது இருந்திருந்தால் ஐந்து மாதங்களை நாங்கள் வீணாக்கியிருக்க மாட்டோம்.

அடுத்தது பயிற்சி பற்றியது. எங்கள் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளியிலும் ஊதியமின்றிப் பயிற்சி தரும் இரண்டு இளம்பெண்கள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர்களிடம் ஒரு மாதம் கற்க விரும்புகிறார்கள். விமானக் கட்டணத்தையும் அவர்களின் செலவையும் எங்கள் குடும்பங்கள் ஏற்கும். வெளியுறவு ஒன்றிய அரசின் பொருள் என்பதை அறிவோம். ஆகவே விசாவுக்காக வெளியுறவு அமைச்சகத்துக்கும், விடுதியில் தங்க இடத்துக்காக விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் தங்கள் துறையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கென்யப் பள்ளிகளுக்கு ஆகஸ்டிலும், நவம்பர் முதல் டிசம்பர் முடியவும் விடுமுறை. அக்காலத்தில் அமைந்தால் பிள்ளைகளுக்குப் பயிற்சி தடைபடாது.

மூன்றாவதாக, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான கணிதச் செயல்பாட்டு அட்டைகளைச் சுவாஹிலியில் மாற்றிப் பயன்படுத்தப் பள்ளிக் கல்வித் துறையின் அனுமதியைப் பெற்றுத் தர வேண்டுகிறோம். என் அண்ணன் மகள் படித்த அட்டைகளைத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். மொழி புரியாமலேயே பத்து நிமிடத்தில் ஒரு விளையாட்டை வகுப்பில் நடத்திக் காட்டிவிட்டார். மொழிபெயர்ப்பை ஆசிரியர்களே செய்துகொள்வார்கள்.

இம்மனுவின் சுவாஹிலி வடிவம் கடந்த பராசாவில் படிக்கப்பட்டு, திருத்தங்களோடு ஏற்கப்பட்டது. புகைப்படம் பற்றிய வரி பெற்றோர் கேட்டுச் சேர்த்தது. தங்கள் பதிலும் அங்கேயே படிக்கப்படும். அடுத்த கூட்டம் இந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு முன்பாக ஓர் இடைக்கால பதிலாவது கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்,
மரியகானி வாழ் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக.

இடம்: மரியகானி

இணைப்பு:
பள்ளி மேலாண்மை வாரியத் தீர்மானத்தின் நகல், தொட்டி கட்டிய வரவு–செலவுக் கணக்கு, பயிற்சியாளர் இருவரின் விண்ணப்பங்கள்.