வசனம் காதில் விழுகிறதா என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் சினிமா விமர்சனங்களை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். மன்னார்குடியில் வீட்டுத் திண்ணையை அடைத்து இருபது வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன். மிஷினுக்கு எதிர்ச் சுவரில் டிவி. பகல் பூராவும் ஓடும். ஆனால் அதைப் பார்க்கிறேன் என்று சொன்னால் பொய். கண் ஊசியை விட்டு நகர்ந்தால் விரலில் ஏறிவிடும். என் காதுதான் படம் பார்க்கிறது. அந்தக் காதின் சார்பில்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இது பழைய பழக்கம். சின்ன வயதில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்போம். கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கரில் திருவிளையாடல் கதை வசனம் ஓடும். தருமியாகப் புலம்பும் நாகேஷின் முகத்தை நான் பார்த்தது ரொம்பப் பிற்பாடு. அதற்குள் குரலை வைத்தே ஆள் இப்படித்தான் இருப்பார் என்று மனசில் ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். டிவியில் பார்த்தால் அச்சு அசல் அதே ஆள்!

முதலில் சீரியல். அதைத் திட்டாதவர் கிடையாது. தையற்காரிக்கோ அதைப்போல வசதி வேறில்லை. மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லிவிட்டால் போதும், கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் தனித்தனியாக மூன்று தரம் காட்டி இடி இடிக்க விடுவார்கள். அந்த இடி ஓய்வதற்குள் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்துவிடுவேன். தலை தூக்கினால் கதை அங்கேயேதான் நிற்கும். 2020 ஊரடங்கில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தபோது மெட்டி ஒலியை மறுபடி போட்டார்கள். அதில் ஆட்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்கள், ஒருவர் பேசி முடித்த பிறகு இன்னொருவர். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக வருகிற டெல்லி குமார் தொண்டையைச் செருமுவதிலேயே இன்றைக்கு என்ன சங்கடம் வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

எதிர்நீச்சலில் மாரிமுத்து வந்தாரே, ஆதி குணசேகரனாக. அவர் ‘ஏய்’ என்று இழுத்தால் என் மிஷினே ஒரு கணம் நின்றுதான் ஓடும். 2023 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அதுவும் அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து. அவருக்குப் பதிலாக வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், பெரிய எழுத்தாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டது. காதுதான் கடைசி வரை பழையவரையே தேடியது.

படங்களுக்கு வருகிறேன். மெய்யழகனை இரண்டு தரம் பார்த்தேன், சரி, கேட்டேன். கதை நடக்கிற நீடாமங்கலம் எங்களுக்குப் பக்கத்து ஊர், பஸ் ஏறினால் அரை மணி. அரவிந்த்சாமியும் கார்த்தியும் விடிய விடியப் பேசுகிறார்கள். திண்ணையில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. ஆனால் என்னை நிமிர வைத்தது அந்தப் பேச்சு அல்ல. கல்யாண மேடையில் அண்ணன் தங்கைக்கு நகை போட்டுவிடுகிற இடம். அங்கே பேச்சு குறைந்து, காதுக்கு வேலையில்லாமல் போய், என்னடா சத்தத்தைக் காணோமே என்று தலை தூக்கினேன். பெடலிலிருந்து கால் தானாக இறங்கிவிட்டது. அந்த ஜாக்கெட்டை அன்றைக்கு முடிக்கவில்லை.

அந்தப் படம் தியேட்டரில் ஓடும்போதே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். இழுவை என்று புகார். என் மகளும் அதே கட்சி. ஜாக்கெட் லூஸாக இருந்தால் திரும்பி வரும், பிடித்துக் கொடுப்போம். ஆனால் ஒருத்திக்கு லூஸ் என்றால் அவளுடையதைத்தானே பிடிக்கிறோம், ஊரில் உள்ள எல்லாருடையதையுமா?

மெய்யழகனை எடுத்த அதே பிரேம்குமாரின் 96, தியேட்டருக்கு வந்து ஒரு மாசத்திலேயே 2018 தீபாவளிக்கு டிவியில் வந்துவிட்டது. பொங்கலுக்குத் தள்ளிப் போடுங்கள் என்று திரிஷாவே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அவருக்கு வருத்தம், எனக்கு லாபம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரை கண் விழித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு ஓய்கிற ஒரே நாள் தையற்காரிக்கு அன்றைக்குத்தான். கரண்ட் போன இருட்டில் திரிஷா ‘யமுனை ஆற்றிலே’ பாடுகிற இடத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது வருகிற பெரிய படங்கள்தான் பாடு. ஹீரோ வாயைத் திறந்ததும் டிரம்ஸையும் திறந்துவிடுகிறார்கள். 2024இல் கங்குவா வந்தபோது தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் ஒலி அமைப்பைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். ஆனால் சத்தத்தைக் குறைத்தால் வசனமும் சேர்ந்துதானே குறைகிறது? போன மாசம் ஒரு புதுப் படத்துக்கு ரிமோட்டை மடியிலேயே வைத்திருந்தேன். பேசும்போது ஏற்று, சண்டையில் இறக்கு, மறுபடி ஏற்று. கை தைக்க வேண்டிய நேரமெல்லாம் பட்டன் அமுக்குவதில் போனது.

என் மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ‘என்ன சொல்றான்?’ என்று கேட்டபடி இருப்பார். இருபது வருஷமாக நான்தான் தைத்துக்கொண்டே சொல்லி வருகிறேன். இப்போது அவர் கேட்டால் ‘எனக்கும் விளங்கலை அத்தை’ என்கிறேன். நான் சொல்ல மறுக்கிறேன் என்று அவருக்குக் கோபம். கீழே எழுத்து வருமே, அதைப் படியுங்கள் என்று மகள் செல்போனிலிருந்து டிவிக்குப் போட்டுக் காட்டினாள். தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷில் ஓடுகிறது!

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் விமர்சகர் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாவற்றையும் எழுதட்டும். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: வசனம் புரிகிறதா, இல்லையா. புரியும் என்று போட்ட படத்தை மட்டும் வைத்துவிட்டு அத்தையைக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
மன்னார்குடி.