மேயரை ஜெயில்ல போட்டா நமக்கென்னன்னு கேக்கறவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோக்லு ஜெயில்ல இருக்கறத பத்தி வெளிநாடுகள் கவலை தெரிவிச்சதா நீங்க போட்ட செய்திக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருந்தார், இங்க குழாயில தண்ணி வரல, துருக்கிக்காரன் எவனோ உள்ள இருந்தா நமக்கென்ன, அதுவும் அது அவங்க உள்நாட்டு விவகாரம், அடுத்த நாட்டுக்காரன் எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு. தண்ணி விஷயத்துல நான் அவர் கட்சிதான். மத்ததுக்கு பதில் சொல்லாம விட முடியல.

முதல்ல அந்த கேஸையே நீங்க நாலு வரியில முடிச்சிட்டீங்க, அதனாலதான் படிக்கறவங்களுக்கு அது ஏதோ வழக்கமான ஊழல் கைது மாதிரி தெரியுது. 2019 மார்ச்ல இந்த மனுஷன் வெறும் 13 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், தேர்தல் செல்லாதுன்னாங்க, ஜூன்ல திரும்ப வெச்சாங்க, 8 லட்சம் ஓட்டுல ஜெயிச்சார். 2024லயும் ஜெயிச்சார். அடுத்து அதிபர் தேர்தலுக்கு நிக்கப் போறார்ங்கற நேரத்துல, 2025 மார்ச் 18ந்தேதி இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அவரோட டிகிரியையே ரத்து பண்ணுது, 1990ல சைப்ரஸ் காலேஜ்லேந்து அங்க மாறி வந்து சேர்ந்தது முறையில்லையாம். 35 வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சிருக்காங்க! அந்த ஊர்ல டிகிரி இல்லாதவர் அதிபர் தேர்தல்ல நிக்க முடியாது, கணக்கு புரியுதா. மறுநாள் காலையில வீட்டுக்கு போலீஸ் வருது. 23ந்தேதி ஊழல் கேஸ்ல சிலிவ்ரி ஜெயிலுக்கு அனுப்பறாங்க, அன்னிக்கே அவர் கட்சி அவரை அதிபர் வேட்பாளரா தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடத்துது, கட்சியில இல்லாத சனமும் லைன்ல நின்னு ஓட்டு போட்டுது.

ஊழல் நடந்திருந்தா விசாரிக்கட்டும், வேணாம்னு யார் சொன்னா. ஆனா ஜாமீன் கொடுத்து வெளிய வெச்சே விசாரிக்கலாமே. இதுல வேடிக்கை என்னன்னா இப்போ அதிபரா இருக்கற எர்டோகனும் 1994ல அதே இஸ்தான்புல்லுக்கு மேயரா ஆனவர்தான், ஒரு கவிதை வாசிச்சதுக்கு 1999ல சில மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவர்தான். ஜெயிலுக்கு போனவன் செல்வாக்கோட வெளிய வருவான்னு அவருக்கு தெரியாதா என்ன.

இப்போ நமக்கென்னங்கற கேள்விக்கு வரேன். சென்னைக்காரன் கேக்கக்கூடாத கேள்வி இது. எமர்ஜென்சி நேரத்துல, 1976 ஜனவரி 31ந்தேதி தி.மு.க. ஆட்சிய கலைச்ச கையோட, விசாரணையே இல்லாம உள்ள வைக்கற மிசா சட்டத்துல ஆளுங்கள அள்ளிட்டு போய் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த அந்த பழைய ஜெயில்ல அடைச்சாங்களே, ஸ்டாலின் உட்பட எத்தனை பேர் அடி வாங்கினாங்க, சிட்டிபாபு அந்த அடியிலதான் விழுந்து 1977 ஜனவரியில செத்தே போனார். அவரும் இந்த ஊருக்கு மேயரா இருந்தவர், அப்போ எம்.பி. வேற. பின்னாடி இஸ்மாயில் கமிஷன் வந்து விசாரிச்சப்பதான் உள்ள நடந்தது முழுசா வெளிய வந்துது, நடக்கும்போது எந்த பேப்பர்லயும் எழுத முடியாது, எல்லாம் சென்சார். உங்களுக்கு தெரியாததா.

அதே எமர்ஜென்சியில சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ கல்கத்தாவுல பிடிச்சப்போ ஜெர்மனியோட வில்லி பிராண்ட், ஸ்வீடன் பால்மே, ஆஸ்திரியா கிரைஸ்கின்னு பெரிய தலைவர்கள் எல்லாரும் அவர் உயிருக்கு ஏதும் ஆகக்கூடாதுன்னு இந்திரா காந்திகிட்ட பேசினாங்க. அதையும் நம்ம வாசகர் மூக்கை நுழைக்கறதுன்னுதான் சொல்வாரா? அவர் ஜெயில்ல இருந்தபடியே முசாபர்பூர்ல ஜெயிச்சு மந்திரியும் ஆனார். பிடிச்சு வெச்சிருக்கறவனுக்கு, வெளிய நாலு பேர் இவன் பேரை கேட்டுட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சா கை ஓங்க கொஞ்சம் யோசிப்பான், அவ்ளோதான், இந்த கவலை அறிக்கைகளால வர பெரிய பிரயோஜனமே அதுதான்னு நான் நெனைக்கறேன்.

அதுக்காக வெளிநாட்டுக்காரன் எல்லாரும் உத்தமன்னு சொல்லல. ஐரோப்பாவுக்கு அகதிகள தடுக்க துருக்கி வேணும், நேட்டோவுக்கு அவங்க ராணுவம் வேணும், அதனால இமாமோக்லு விஷயத்துல மெல்லமா வருத்தம் தெரிவிச்சிட்டு நகர்ந்துட்டாங்க. நம்ம டெல்லியும் கேஜ்ரிவால் கைதப்போ, 2024 மார்ச்ல, ஜெர்மனியும் அமெரிக்காவும் நியாயமா விசாரிங்கன்னு ரெண்டு வார்த்தை சொன்னதுக்கே அந்த தூதரக ஆளுங்கள கூப்பிட்டு கண்டிச்சுது. நியாயமா விசாரிங்கன்னு சொன்னா இவ்ளோ கோவம் ஏன் வரணும்? எந்த கட்சி ஆளு உள்ள இருந்தாலும் நான் இதையேதான் கேப்பேன், கேஜ்ரிவாலுக்கு ஒண்ணும் நான் ரசிகன் இல்ல.

துருக்கி விஷயத்துல உள்நாட்டு விவகாரம்ங்கற சாக்கும் ஓடாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு கட்டுப்படறேன்னு அவங்களே கையெழுத்து போட்டிருக்காங்க. அந்த கோர்ட்டு குர்து தலைவர் டெமிர்டாஷை, 2016லேந்து உள்ள இருந்தவரை, உடனே விடுங்கன்னு 2020 டிசம்பர்ல தீர்ப்பு சொல்லுச்சு. விடல. 2024ல இன்னொரு வழக்குல 42 வருஷம் தண்டனை கொடுத்தாங்க.

இதெல்லாம் உங்க பேப்பர்ல ஒரு பெட்டி செய்தியா வந்ததாக்கூட எனக்கு ஞாபகம் இல்ல. கைதான அன்னிக்கு போட்டோவோட போடறீங்க, அப்புறம் கேஸ் என்னாச்சு, ஜாமீன் கேட்டாங்களா, யார் சாட்சி சொன்னாங்கன்னு ஒண்ணும் வரதில்ல. வெளிநாட்டு பக்கத்துல பாதிய விளம்பரம் பிடிச்சுக்குது, சரி, மிச்ச பாதியில வாரத்துக்கு ஒரு தடவை இமாமோக்லு வழக்கு எங்க நிக்குதுன்னு பத்து வரி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை