கெப்பாசிட்டர் பேனலைத் தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட மின் கட்டண இழப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
பட்டறை உரிமையாளர்,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
மின் சேமிப்புக் கருவிகள் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 08.12.2025

ஐயா,

வணக்கம். பம்பு உறுப்புகளையும் ஜவுளி இயந்திர உதிரிபாகங்களையும் ஜாப் ஆர்டராகச் செய்து தரும் சிறு பட்டறை ஒன்றை, என் தந்தையாருக்குப் பின் நான் நடத்தி வருகிறேன். முன்கட்டில் நான்கு லேத், ஒரு மில்லிங், இரண்டு டிரில்லிங், பின்கட்டில் ஐந்து வெல்டிங் செட், ஒரு கம்ப்ரசர் என 60 கிலோவாட் இணைப்பில் ஓடும் இப்பட்டறையை நம்பி என்னோடு சேர்த்து எட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. கடந்த ஜூன் மாதம் தங்களிடம் ரூ.72,000 கொடுத்து வாங்கிய தானியங்கி கெப்பாசிட்டர் பேனல், எங்கள் மின் கட்டணத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கிறது என்பதே என் புகார்.

அந்தத் தொகையை நாங்கள் எந்த நிலையில் புரட்டினோம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண உயர்வில், எங்களைப் போன்ற தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு யூனிட் ரூ.6.35இலிருந்து ரூ.7.50 ஆனது. அதைக்கூட எப்படியோ சமாளித்தோம். நிலைக் கட்டணம்தான் தாங்க முடியாததாக இருந்தது. கிலோவாட்டுக்கு ரூ.35 ஆக இருந்தது, 50 கிலோவாட்டைத் தாண்டியவர்களுக்கு ரூ.150 ஆக்கப்பட்டதால், மாதம் ரூ.2,100 கட்டிய நான், லேத் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் ரூ.9,000 கட்ட வேண்டியவன் ஆனேன். 2023 செப்டம்பர் 25ஆம் தேதி தமிழகம் முழுவதும் சிறு, குறுந்தொழில் முனைவோர் கதவடைத்துப் போராடியபோது என் பட்டறையும் அடைத்துக் கிடந்தது. அதற்கு முன்பே அந்த ஜூலையில் 2.18 விழுக்காடும், அதன்பின் 2024 ஜூலையில் 4.83 விழுக்காடும், இந்த ஆண்டு ஜூலையில் 3.16 விழுக்காடும் கூடிவிட்டன. லேத் கூலியை மணிக்கு முப்பது ரூபாய் கூட்டிக் கேட்டால், ராஜ்கோட்டில் இதைவிடக் குறைவாக முடித்துத் தருகிறார்கள் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தச் சூழலில்தான் தங்கள் விற்பனைப் பிரதிநிதி வந்தார். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லும் அளவான பவர் ஃபேக்டர் (முழு அளவு 1) 0.85க்குக் கீழே இறங்கினால், குறையும் ஒவ்வொரு 0.01க்கும் மின் கட்டணத்தில் 1 விழுக்காடு அபராதம் சேர்கிறது. எங்களுடையது அப்போது 0.80, ஆகவே 5 விழுக்காடு அபராதம் கட்டி வந்தோம். இந்த அளவை உயர்த்துவதே கெப்பாசிட்டரின் வேலை; புதிய பேனல் வைத்தால் 0.98க்குக் குறையாது, அபராதம் அடியோடு நின்றுவிடும் என்று அவர் எழுத்தில் உறுதி கொடுத்தார். வெல்டிங் செட்டுகளுக்கென ஏற்கெனவே வைத்திருந்த பழைய கெப்பாசிட்டர்கள் இனித் தேவையில்லை என்று தங்கள் ஆட்களே அவற்றைக் கழற்றியும் வைத்தார்கள்.

ஜூலை மாதப் பில்லில் பவர் ஃபேக்டர் 0.78 என்று வந்தது. அபராதம் 7 விழுக்காடு. பேனலின் திரையிலோ 0.98 என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தங்கள் சேவைப் பிரிவுக்கு ஆறு முறை தொலைபேசியில் பேசினேன். பேனல் சரியாகக் காட்டுகிறது, கோளாறு மின் மீட்டரில்தான் இருக்கும் என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. ஒரு பொறியாளரும் நேரில் வரவில்லை.

இறுதியில், அக்டோபர் மாதம், உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்துச் சோதித்தேன். கேபிளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பேனலுக்குச் சொல்லும் சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) என்னும் கருவி, மெயின் சுவிட்சிலிருந்து வரும் கேபிளில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். தங்கள் ஆட்கள் அதை முன்கட்டு லேத் வரிசைக்குப் போகும் கேபிளில் மாட்டிச் சென்றிருக்கிறார்கள். எனவே அந்தப் பேனல் லேத்துகளை மட்டுமே பார்த்து, தன் அளவில் 0.98 என்று காட்டிக்கொண்டிருந்தது. பவர் ஃபேக்டரை மிகவும் கெடுப்பவையான வெல்டிங் செட்டுகள் அதன் கணக்கிலேயே இல்லை; அவற்றைத் தாங்கி வந்த பழைய கெப்பாசிட்டர்களும் கழற்றப்பட்டுவிட்டன. மின் மீட்டர் முழுப் பட்டறையையும் அளந்து உண்மையைக் காட்டியது. அன்றே அவரது அறிக்கையையும் நிழற்படங்களையும் தங்களுக்கு அனுப்பினேன். வெளியாள் பேனலைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்ற பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. சி.டி. இருக்கும் இடம் பேனலுக்கு வெளியே, சுவரில் ஓடும் கேபிளில். பேனலை யாரும் திறக்கவில்லை என்பதை அந்தப் படங்களே காட்டும்.

ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து பில்களில் ரூ.17,360 அபராதமாகக் கட்டியிருக்கிறேன். பெரிய ஆலைக்கு இது ஒரு பொருட்டாக இராது. எனக்கோ, தீபாவளி போனசில் ஆளுக்கு ஈராயிரம் குறைத்துக் கொடுத்து, பதினைந்து ஆண்டுகளாக என்னோடு இருக்கும் டர்னரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது இந்தப் பணத்தால்தான். கட்டணச் சுமையில் தவிப்பவரிடம் அதைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிப் பொருள் விற்கும் நிறுவனம், பொருத்திய பின் முதல் மாதப் பில்லையாவது கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பொறியாளரை அனுப்பி, சி.டி.யை மெயின் கேபிளுக்கு மாற்றி, வெல்டிங் செட்டுகளையும் சேர்த்துப் பேனலின் திறன் போதுமா என்று என் முன்னிலையில் கணக்கிட்டு, போதாவிட்டால் தங்கள் செலவிலேயே கூட்டித் தர வேண்டும். அபராதத் தொகை ரூ.17,360ஐயும், மின் பணியாளருக்குக் கொடுத்த ரூ.1,500ஐயும் திருப்பித் தர வேண்டும். சரிசெய்து முடியும் வரை வரும் பில்களின் அபராதத்தையும் தாங்களே ஏற்க வேண்டும்.

தவறினால், சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். பிரதிநிதியின் உறுதிக் கடிதம், ஐந்து பில்கள், சோதனை அறிக்கை, நிழற்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். டிசம்பர் மாத ரீடிங் எடுக்கும் நாளுக்கு முன்பே தங்கள் பொறியாளர் வந்தால், இன்னொரு மாத அபராதமாவது மிச்சமாகும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்