விளக்குக் கம்பங்களை எண்ணிப் பார்த்தேன்

அன்புள்ள பாப்பா,

போன மாதம் போனில் நீ கேட்டாய், "டிசம்பர்ல மூணு வாரம் அங்க இருப்போம்ப்பா, காலையில நான் ஓட இடம் இருக்கா, பிள்ளைங்களோட சைக்கிள் விட இடம் இருக்கா" என்று. "இருக்கு, இருக்கு, வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. முப்பது வருஷம் தபால் பை சுமந்தவன் நான். பினாங்கில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தெரியும். ஆனால் ஓடுகிறவளுக்கு வேண்டிய பாதை வேறு, அஞ்சு வயசுக்காரிக்கு வேண்டிய பாதை வேறு. அதனால் இந்த ஒரு மாதமாக விடியற்காலையில் கிளம்பி ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டு வருகிறேன். "பென்ஷன் வாங்குறது மறந்துபோச்சா உங்களுக்கு" என்கிறாள் அம்மா.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் மெல்பர்னில் ஆறு மணிக்கே பளீரென்று விடிந்துவிடுகிறது. இங்கே சூரியன் முகம் காட்ட ஏழேகால் ஆகும். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், அன்றிலிருந்து நமக்குக் காலை என்றால் இருட்டுதான். ஊருக்கு ஊர் மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. வந்த புதிதில் பிள்ளைகள் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், நீயும் ஷூவைத் தேடுவாய். ஏழு மணி வரைக்கும் பொறுத்துக்கொள்.

பொறுத்துக்கொள் என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. படிவம் மூன்று படிக்கும்போது பள்ளிக் குறுக்கோட்டத்துக்கு நீ தேர்வானாய். ஆறு மணிக்கு வெளியே போய் ஓடிப் பழகுகிறேன் என்றாய். இருட்டில் பெண் பிள்ளை தனியாக எங்கே என்று நான் மறித்துவிட்டேன். நீ வாதாடவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே காடி நிறுத்தும் இடத்திலேயே ஓடினாய். மூன்றாம் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்: தண்ணீர்த் தொட்டி, குப்பைத் தொட்டி, மறுபடி தண்ணீர்த் தொட்டி. உன் அண்ணன் அதே நேரத்துக்குப் பந்தாடப் போவான், அவனை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது ஒரு பாதையைப் பார்க்கப் போனால் மேடு பள்ளம் பார்ப்பதற்கு முன்னால், அங்கே பெண்கள் தனியாக வருகிறார்களா என்றுதான் கண் போகிறது.

அந்தக் கணக்கில் முதல் இடம் தண்ணீர்மலைத் தாவரப் பூங்காவுக்கு. ஆறரைக்கே போய் நின்றேன். காடி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை விளக்குக் கம்பங்களை எண்ணினேன். எல்லாம் எரிகிறது. ஏழு மணிக்குள் சீனப் பாட்டிமார் கூட்டம் வந்துவிடுகிறது. ஒருத்தி பின்பக்கமாகவே நடக்கிறாள், முட்டிக்கு நல்லதாம். தனியாக ஓடிய பெண்கள் மட்டும் பதினோரு பேர். பழைய கருங்கல் குவாரி கிடந்த பள்ளத்தாக்கில் 1884-ல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் உண்டாக்கிய தோட்டம் இது, அதனால் மூன்று பக்கமும் மலை. வெயில் உள்ளே இறங்க நேரமாகும். நாகலிங்க மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கும், ஈரத்தில் வழுக்கும், அங்கே வேகத்தைக் குறை. குரங்கு இருக்கிறது. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காது, பிடுங்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர்ப் புட்டியை இடுப்பில் கட்டிக்கொள். மேலே கிளையில் கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கருங்குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். அது சாது. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

சமதரை அலுத்துவிட்டால், பூங்கா வாசலுக்குப் பக்கத்திலிருந்தே கொடிமலைக்கு, அதான் பினாங்கு ஹில்லுக்கு, ஜீப் ரோடு ஏறுகிறது, ஐந்து கிலோமீட்டர் சொச்சம். தார் ரோடுதான், ஆனால் செங்குத்து. ஓடுகிறேன் என்று போகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இறங்கும்போதுதான் முட்டி பேசும். மலைக்கு ஏற மூன் கேட் என்று இன்னொரு வழி உண்டு, அது வேர், படி, பாறை என்று காட்டுக்குள் போகிறது. அதற்கு நீ தனியாகப் போகாதே. இதைப் பெண் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, நானே ஒரு கிளைவழியில் தப்பிப் போய் முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டும் நல்ல இடம். 1962-ல் கட்டி முடித்தது, கெக் லோக் சி கோவிலைத் தாண்டி மேலே ஏற வேண்டும். காடியில் போய் இறங்கிக்கொண்டு மேலே ஓடினால் போதும், குளிர்ச்சியாக இருக்கும். அம்மா பங்குக்கு அவளும் முருகன் கோவிலின் 513 படியை உன்னோடு ஏறுவதாகச் சொல்கிறாள். பாதியில் உட்கார்ந்துவிடுவாள், பார்த்துக்கொள்.

சைக்கிள் விஷயம்தான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. குவீன்ஸ்பே கடலோரம் நமக்குப் பக்கம், தரை சமம், பெரியவனுக்குப் போதும். ஆனால் பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மீன் பிடிக்கிற ஆட்கள் உண்டு. தூண்டிலை வீசக் கையைப் பின்னால் ஓங்குவார்கள், அந்த நேரம் பிள்ளைகள் பின்னால் வரக் கூடாது. எதிரே தெரியும் தீவு ஜெரெஜாக். கப்பலில் வந்தவர்களை நோய் நொடி இல்லை என்று தெரியும்வரை அங்கேதான் அடைத்துவைத்தார்கள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த உன் தாத்தாவும் பினாங்கு மண்ணை மிதிப்பதற்கு முன்னால் அந்த மண்ணைத்தான் மிதித்தார். பெரியவனை அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

குடும்பமாகப் போக நான் முடிவு செய்திருப்பது பாலிக் பூலாவ், சுங்கை பூரோங் பக்கத்து வயல்வெளி. சைக்கிளைக் காடியில் ஏற்றிக்கொண்டு போவோம். நடுவில் உள்ள மலை ரோட்டைப் பிள்ளைகள் மிதிக்க முடியாது. அங்கே போய்விட்டால் மேடே கிடையாது. வாய்க்காலை ஒட்டிச் சின்ன ரோடு, இரண்டு பக்கமும் நெல், கொக்கு. எதிரே காடி வந்தாலும் மெதுவாகத்தான் வரும். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மர நிழல்கூட இல்லை. பிறகு ஊருக்குள் போய் லக்சா நூடுல்ஸ் சாப்பிடுவோம். மாப்பிள்ளை அதற்காகவே வருவார்.

நாய் மட்டும் உண்டு. நாய் விஷயத்தில் தபால்காரன் பேச்சைக் கேள்: விரட்டினால் வேகமாக மிதிக்காதே. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நட. அது தானாகப் போய்விடும். இதெல்லாம் தெரிந்த நானே போன செவ்வாய்க்கிழமை மூன்று நாய்களைப் பார்த்ததும் மிதிமிதியென்று மிதித்து, வாய்க்கால் பலகையில் சக்கரம் சறுக்கிச் சேற்றில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அம்மாவிடம் பூங்காவில் வழுக்கியது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

பெரியவனுக்கு உன் அண்ணன் மகனுடைய பழைய சைக்கிள் சரியாக இருக்கும். சங்கிலி கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, எண்ணெய் விட்டேன். இப்போது சத்தமே இல்லை. பேத்திக்கு ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். "வளர்ற பிள்ளை அங்கிள், பெருசா எடுங்க" என்று 20 அங்குலச் சக்கரத்தைத் தலையில் கட்டிவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஏழு வயசுக்காரிக்கே கால் எட்டவில்லை. மாற்றித் தர மாட்டானாம். அது கிடக்கட்டும், வேறு பார்க்கிறேன்.

இந்தத் தடவை அளவு தெரியாமல் வாங்கப் போவதில்லை. பேத்தியைச் செருப்பு இல்லாமல் சுவரோடு நிற்கவைத்து, கவட்டிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார். இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். தலைக்கவசத்துக்கு, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நாடாவைச் சுற்றி அளவெடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. திங்கள்கிழமை கடைப்பக்கம் போகிறேன்.

அன்புடன்,
அப்பா
குளுகோர், பினாங்கு